கப்பு, கோன், தொடை எலும்பு: சைக்கிள்காரருக்கு இடுப்பு மூட்டு தேய்ந்தால்

"மிதித்து மிதித்தே இடுப்பைத் தேய்த்துக்கொண்டாய்" என்று என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. என் அக்கா சொன்னார், மருந்துக்கடைக்காரர் சொன்னார், பல வருடங்களாக என் வண்டிக்கு ஓவராயில் செய்யும் சைக்கிள் கடைக்காரரும் சொன்னார். கடைக்காரர் சொன்னதுதான் மனதில் தைத்தது. "ஓடுகிற வண்டிக்குத்தானே சார் கப்பு, கோன் மாற்றுகிறோம்? நிற்கிற வண்டிக்கு மாற்றுவதில்லையே?" கப்பும் கோனும் சக்கரம் சுழல உதவும் பேரிங்கின் பாகங்கள். அது தேய்வதைத் தினமும் கையில் எடுத்துப் பார்ப்பவரின் பேச்சு. சட்டென்று மறுக்க வரவில்லை.

57 வயதில் என் வலது இடுப்பு மூட்டை மாற்றினார்கள். அதற்கு முன் நான்கு ஆண்டுகள் வலியோடு ஓட்டினேன். இப்போது வலியில்லாமல் ஓட்டுகிறேன். நான் மருத்துவன் இல்லை. மருத்துவரிடம் கேள்வி கேட்டுத் தொல்லை கொடுத்தவன். அப்படிக் கேட்டுப் புரிந்துகொண்டதில், கடைக்காரரின் ஒப்புமை முழுக்கத் தவறு அல்ல என்பதும் ஒன்று. அவர் அதைத் தவறான கட்டத்தில் பொருத்திவிட்டார், அவ்வளவுதான்.

இடுப்பு என்பது எந்த இடம்?

முதல் குழப்பத்தைத் தமிழே உண்டாக்குகிறது. இடுப்பு வலி என்றால் நம்மில் பெரும்பாலோர் முதுகின் கீழ்ப்பகுதியைக் காட்டுவோம். புடவை செருகும் இடமும் இடுப்புதான், குழந்தையைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடமும் இடுப்புதான். இடுப்பு மூட்டு இந்த இடங்கள் எதிலும் இல்லை. உட்கார்ந்தபடி முழங்காலை வயிற்றை நோக்கித் தூக்குங்கள். தொடையும் அடிவயிறும் சந்திக்கும் இடத்தில் ஒரு மடிப்பு விழும். அந்த மடிப்புக்கு நடுவே, சதைக்கு நல்ல ஆழத்தில் இருப்பதுதான் இடுப்பு மூட்டு.

அதனால் இடுப்பு மூட்டு கெட்டால் வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் வரும். தொடையின் முன்பக்கமாக இறங்கும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும். நான் அந்த வகை. முதல் ஓராண்டு முழங்காலுக்கு எண்ணெய் தடவினேன், முழங்காலைப் படம் எடுத்தேன். படத்தில் முழங்கால் பழுதில்லாமல் இருந்தது. இடுப்பு மூட்டுக்குப் போகும் நரம்புகளின் கிளைகள் முழங்காலுக்கும் போகின்றன. இரண்டு வீட்டுக்கும் ஒரே அழைப்புமணி வைத்ததுபோல, மணி அடிக்கும்போது எந்த வீட்டு வாசலில் ஆள் நிற்கிறார் என்று மூளைக்குத் தெரிவதில்லை.

கண்டுபிடித்த மருத்துவர் செய்த சோதனை அரை நிமிடம்கூட ஆகவில்லை. மல்லாக்கப் படுக்கவைத்தார். இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, தொடையைக் கூரை நோக்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பாதத்தை மட்டும் வெளிப்பக்கமாகத் தள்ளினார். பாதம் வெளியே போனால் தொடை உள்நோக்கித் திரும்பும். இடது கால் நன்றாகத் திரும்பியது. வலது கால் சுவரில் முட்டியதுபோல நின்றுவிட்டது. தொடை இடுக்கில் சுரீர் என்றது. இடுப்பு மூட்டுத் தேய்மானத்தில் பெரும்பாலும் முதலில் குறைவது இந்த உள்நோக்கிய சுழற்சிதான்.

சைக்கிள் ஓட்டுகிறவர் இதை வேறு வகையில் முன்கூட்டியே பார்க்கலாம். பெடல் உச்சிக்கு வரும்போது முழங்கால் நேராக மேலே வராமல் வெளிப்பக்கமாக ஒதுங்கிப் போகும். பின்னால் வந்த நண்பர் ஒருவர் இதைச் சொன்னபோது, அது என் 'பாணி' என்று சொல்லிச் சிரித்தேன். சாக்ஸ் மாட்டவும் கால் நகம் வெட்டவும் சிரமம், சம்மணமிட்டு உட்கார முடியாமை, சீட்டுக்கு மேல் காலை வீசிப் போட முடியாமை ஆகியவை அடுத்தடுத்து வந்தன. அப்போது சிரிப்பு நின்றது.

பந்தும் கிண்ணமும்

சைக்கிள் சக்கரத்தின் அச்சில் ஒரு கப்பு, ஒரு கோன், இடையில் கிரீஸ் பூசிய குண்டுகள் இருக்கும். இடுப்பில் குண்டுகள் கிடையாது. தொடை எலும்பின் மேல்முனையில் ஒரு பந்து இருக்கிறது. இடுப்பெலும்பில் அதற்குப் பொருத்தமான ஒரு கிண்ணம். பந்து கிண்ணத்துக்குள் வழுக்கிச் சுழல்கிறது. உருளும் பேரிங் அல்ல, வழுக்கும் பேரிங்.

வழுக்க வைப்பது எது? கோழிக்காலைக் கடித்துச் சாப்பிடுகிறவர்கள் பார்த்திருப்பார்கள்: எலும்பின் முனையில் வெண்ணிறமாக, பளபளவென்று, நகத்தால் அழுத்தினால் சற்றே குழையும் ஒரு பூச்சு. அதுதான் குருத்தெலும்பு. நம் இடுப்பில் அது சில மில்லிமீட்டர் தடிமன்தான். பந்தின் மேலும் கிண்ணத்தின் உள்ளும் அது படிந்திருக்கிறது. இரண்டுக்கும் இடையில் முட்டை வெள்ளைக்கரு போன்ற ஒரு திரவம் இருக்கும். மூட்டுத் திரவம் என்று அதைச் சொல்லலாம். ஆரோக்கியமான மூட்டில் இந்த இரண்டும் சேர்ந்து தரும் வழுக்கல், பனிக்கட்டி பனிக்கட்டி மேல் வழுக்குவதைவிட அதிகம். எந்தச் சைக்கிள் பேரிங்கும் இதன் அருகில் வராது.

குருத்தெலும்புக்கு இரண்டு விசித்திரங்கள் உண்டு. அதில் நரம்பு இல்லை, ஆகவே அது தேயும்போது வலிப்பதில்லை. அதில் ரத்தக் குழாயும் இல்லை. அப்படியானால் அதற்குச் சாப்பாடு எப்படிப் போகிறது? பாத்திரம் தேய்க்கும் பஞ்சை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தினால் நீர் வெளியேறும், விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். மூட்டின் மேல் பாரம் ஏறும்போது குருத்தெலும்பிலிருந்து திரவம் பிழியப்படுகிறது. பாரம் இறங்கும்போது ஊட்டத்தோடு உள்ளே வருகிறது. அழுத்தி விடுவது நின்றால் ஊட்டமும் குறைந்துவிடும்.

கடைக்காரரின் ஒப்புமை இங்கேதான் உடைகிறது. பேரிங் ஓடினால் தேயும், நிறுத்தி வைத்தால் அப்படியே இருக்கும். குருத்தெலும்பு அசைந்தால் சாப்பிடும், அசையாவிட்டால் பட்டினி கிடக்கும்.

தேய்மானம் என்ற சொல்

ஆஸ்டியோ ஆர்த்ரைட்டிஸ் என்ற நோய்க்கு நாம் வைத்த பெயர் எலும்புத் தேய்மானம். பெயர் சின்னது, தவறு பெரியது. தேய்வது முதலில் எலும்பு அல்ல, குருத்தெலும்பு. அதுவும் செருப்பு தேய்வதுபோல வெறுமனே தேய்வதில்லை. உயிருள்ள ஒரு பொருள் தன்னைப் பழுதுபார்க்க முயன்று, அந்த வேலையைத் தப்பும் தவறுமாகச் செய்வதுதான் இந்த நோய். குருத்தெலும்பு மெலிகிறது, வெடிக்கிறது. அடியிலுள்ள எலும்பு பாரம் தாங்குவதற்காகக் கெட்டிப்படுகிறது. கிண்ணத்தின் விளிம்பில் புதிய எலும்பு முளைத்து முள்போல நீட்டிக்கொள்கிறது. மூட்டைச் சுற்றியுள்ள உறை வீங்குகிறது. எலும்புக்கும் உறைக்கும் நரம்பு உண்டு. வலி அங்கிருந்து வருகிறது.

விளிம்பில் முளைத்த எலும்புதான் என் காலைச் சுவரில் முட்டியதுபோல நிறுத்தியது. அதாவது என் மூட்டில் எலும்பு குறையவில்லை, கூடியிருந்தது!

இதை அறியாமல் சுண்ணாம்புச் சத்து மாத்திரையைப் பை பையாக விழுங்குகிறவர்கள் பலர். எலும்பின் அடர்த்தி குறைந்து எளிதில் உடையும் நிலைக்கு வருவது ஆஸ்டியோபோரோசிஸ் என்ற வேறு நோய். அதற்குச் சுண்ணாம்புச் சத்து தேவைப்படலாம். குருத்தெலும்பை அது திரும்ப முளைக்க வைக்காது. வாய்வு என்று பூண்டு தின்றவர்களைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன்; நானும் தின்றேன்.

எக்ஸ்ரே படத்திலும் ஒரு தவறான புரிதல் உண்டு. "எலும்புக்கு இடையே கேப் குறைந்துவிட்டது" என்பார்கள். அந்த இடைவெளி காற்று அல்ல. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது, அதனால் அது இருக்குமிடம் கறுப்பாக, வெற்றிடம்போலத் தோன்றுகிறது. கேப் குறைந்தது என்றால் குருத்தெலும்பு மெலிந்தது என்று பொருள். படத்தில் மோசமாகத் தெரியும் சிலர் ஓடியாடுகிறார்கள். படத்தில் சுமாராகத் தெரியும் சிலர் தூங்க முடியாமல் தவிக்கிறார்கள். வலியைப் படத்தை வைத்து அளக்க முடியாது.

இதுவரை வந்ததைத் திரட்டிக்கொள்வோம். இடுப்பு மூட்டு தொடை இடுக்கில் இருக்கிறது. அதை வழுக்க வைப்பது குருத்தெலும்பு. அது அசைவால் ஊட்டம் பெறுகிறது. அது மெலிந்து, சுற்றியுள்ள எலும்பு தாறுமாறாக வளர்வதுதான் நாம் தேய்மானம் என்பது.

அப்படியானால் குற்றவாளி சைக்கிளா?

பூங்காவில் சீசா பலகையைப் பார்த்திருப்பீர்கள். நடுக்கம்பத்திலிருந்து தூரத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்தால், எதிர்ப்பக்கம் கம்பத்துக்கு அருகில் உட்காருகிறவர் பல மடங்கு கனமாக இருந்தால்தான் பலகை சமமாகும். இரண்டு பேரின் பாரத்தையும் சேர்த்துத் தாங்குவது நடுக்கம்பம்.

நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் ஒரு கணம் ஒற்றைக் காலில் நிற்கிறோம். அப்போது இடுப்பு மூட்டு நடுக்கம்பம். உடலின் எடை அதிலிருந்து தள்ளி, உடலின் நடுக்கோட்டில் இருக்கிறது. உடல் அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமல் இழுத்துப் பிடிக்கும் தசை, இடுப்பின் வெளிப்பக்கத்தில், மூட்டுக்கு மிக அருகில் இருக்கிறது. அருகில் இருப்பதால் அது எடையைவிட அதிகமாக இழுத்தாக வேண்டும். எடையும் இழுப்பும் சேர்ந்து மூட்டின் தலையில் விழுகின்றன. சாதாரண நடையிலேயே மூட்டின் மேல் உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு பாரம் ஏறுவது இதனால்தான். 70 கிலோ ஆளுக்கு, ஒவ்வோர் அடிக்கும் 175 கிலோ.

இது வெறும் கணக்கு அல்ல. பெர்லினில் ஆய்வாளர்கள் சிலருக்குப் பொருத்திய செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவீட்டுக் கருவியை வைத்து, பாரத்தைக் கம்பியில்லாமல் வெளியே அனுப்ப வைத்து அளந்தார்கள். அதே மூட்டுகளை வைத்து நிலைச் சைக்கிளை மிதமாக மிதிக்கவைத்தபோது, நடப்பதைவிடப் பாரம் குறைவாகவே இருந்தது. ஆச்சரியம் இல்லை, சீட்டில் உட்கார்ந்துவிட்டால் உடல் எடையைச் சீட் வாங்கிக்கொள்கிறது, சீசா விளையாட்டே நின்றுவிடுகிறது. அளந்தவற்றில் மிகப் பெரிய பாரம் எப்போது வந்தது தெரியுமா? ஒருவர் தடுக்கி விழப்போய்ச் சமாளித்தபோது. உடல் எடையைப் போல எட்டு மடங்குக்கு மேல். இந்தத் தடுக்கலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

கைத்தடிக்கும் இதே சீசாதான் விளக்கம். வலது மூட்டு கெட்டால் தடியை இடது கையில் பிடிக்க வேண்டும். இடது கை தரையை ஊன்றும்போது எடையின் ஒரு பகுதியை அந்தத் தொலைவிலேயே தாங்கிக்கொள்கிறது, தசை அவ்வளவு இழுக்கத் தேவையில்லை. கெட்ட காலின் பக்கமே தடியைப் பிடித்து நொண்டி வருகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் போய்ச் சொல்லலாமா என்று வாய் வரை வருகிறது.

சைக்கிள் இல்லை என்றால் வேறு என்ன காரணம்? வயது, பரம்பரை, உடல் பருமன், பிறவியிலேயே கிண்ணம் ஆழமில்லாமலோ பந்து சரியான உருண்டையாக இல்லாமலோ இருப்பது, பழைய அடி. நம் ஊரில் முழங்கால் தேய்மானம் அளவுக்கு இடுப்புத் தேய்மானம் இல்லை. ஆனால் இளவயதிலேயே இடுப்பு மூட்டை மாற்றவேண்டி வருகிறவர்களில் பலருக்குக் காரணம் வேறு நோய்: பந்துக்கு வரும் ரத்த ஓட்டம் தடைபட்டு எலும்பு செத்துப்போவது. அதை அவாஸ்குலர் நெக்ரோசிஸ் என்கிறார்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு, மிகுந்த குடி, எலும்பு முறிவு ஆகியவை அதைக் கொண்டுவரலாம்.

சைக்கிள் உலகம் நன்கு அறிந்த இடுப்பு மூட்டு அமெரிக்க வீரர் ஃப்ளாய்ட் லாண்டிஸுடையது. 2003 தொடக்கத்தில் பயிற்சியில் விழுந்து தொடை எலும்பின் கழுத்தை, அதாவது பந்துக்குக் கீழே ஒடுங்கிய பகுதியை, உடைத்துக்கொண்டார். பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் அந்தக் கழுத்தை ஒட்டியே ஏறுவதால் அவையும் கெட்டன, பந்து செத்தது. அந்த மூட்டோடு 2006 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் முதலாவதாக வந்தார். ஊக்கமருந்து பிடிபட்டு அந்தப் பட்டம் பறிபோனது தனிக்கதை. அதே ஆண்டு செப்டம்பரில் மூட்டுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு, தடைக்காலம் முடிந்ததும் 2009-ல் மறுபடி பந்தயத்துக்கு வந்தார். ஆளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆனால் அவர் மூட்டைக் கெடுத்தது மிதித்தது அல்ல, விழுந்தது.

வலியோடு ஓட்டுவது

இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில் இடுப்பு மூட்டுத் தேய்மானக்காரர்களுக்கு எட்டு வாரம் நிலைச் சைக்கிளும் பாடமும் சேர்ந்த ஒரு திட்டமே நடத்துகிறார்கள். எனவே நோய் வந்ததும் வண்டியைப் பரணில் ஏற்ற வேண்டாம். வண்டியை மூட்டுக்கு ஏற்ப மாற்றினால் போதும்.

மாற்றவேண்டியது ஒன்றுதான்: பெடல் உச்சியில் இருக்கும்போது தொடைக்கும் வயிற்றுக்கும் இடையிலான கோணம். அது குறுகக் குறுக, முளைத்த எலும்பு இடிக்கும். ஹாண்டில்பாரை உயர்த்தினால் உடல் நிமிரும், கோணம் விரியும். குனிந்து ஓட்டும் ரேஸ் வண்டிக்காரருக்கு இது கௌரவப் பிரச்சினை. எனக்கும் இருந்தது, ஒரு மாதம்.

இன்னும் பலன் தந்தது கிராங்க். பெடலைத் தாங்கும் அந்தக் கையின் நீளம் பெரிய வண்டிகளில் பெரும்பாலும் 170 மி.மீ.யை ஒட்டி இருக்கும். அதை 160 ஆக்கினேன். 10 மி.மீ.யில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது இப்போது 10 மி.மீ. மேலே நிற்கிறது, கால் முன்போலவே நீள வேண்டுமென்றால் சீட்டை 10 மி.மீ. உயர்த்தலாம். உச்சியில் பெடல் 10 மி.மீ. கீழே நிற்கிறது. இரண்டும் சேர்ந்து, சீட்டோடு ஒப்பிட்டால் உச்சியில் பாதம் 20 மி.மீ. தாழ்ந்துவிட்டது. இரண்டு சென்டிமீட்டர்! வெளியே ஒதுங்கிய முழங்கால் பாதியளவு உள்ளே வந்தது.

மற்றவை சின்னச் சின்ன விஷயங்கள். கனமான கியரில் மெதுவாக மிதிப்பதைவிட லேசான கியரில் வேகமாகச் சுற்றுவது மூட்டுக்கு இதம். மேட்டில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள். நின்றால் சீசா திரும்ப வந்துவிடும். காலை வீச முடியாவிட்டால் நடுக்குழாய் தாழ்ந்த லேடீஸ் சைக்கிளுக்கு மாறுங்கள், சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். எடை குறைந்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் நடையில் மூட்டிலிருந்து இரண்டரை கிலோ இறங்குகிறது. வலி மாத்திரைகள் உதவும். ஆனால் நீண்ட தூரம் ஓட்டி, உடலில் நீர் வற்றிய நிலையில் வீக்கம் குறைக்கும் மாத்திரைகளைப் போடுவது சிறுநீரகத்துக்கு ஆபத்து. இதை 200 கி.மீ. ஓட்டும் கூட்டத்தில் பலர் சர்வசாதாரணமாகச் செய்கிறார்கள்.

எப்போது மாற்றுவது?

இந்த வலி புதிதாக வந்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி இது. படம் விடை சொல்லாது என்று பார்த்தோம். என் மருத்துவர் கேட்டது மூன்றே கேள்விகள்: இரவில் வலி எழுப்புகிறதா? எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள்? எதை விட்டுவிட்டீர்கள்? மூன்றாவதற்குப் பதில் சொல்லும்போது குரல் உடைந்தது எனக்கே வியப்பு. விட்டுவிட்டவற்றின் பட்டியலில் சைக்கிள் கடைசியில்தான் இருந்தது. அதற்கு முன்பே நடைப்பயிற்சி, கோயில் படி, தரையில் உட்கார்ந்து சாப்பிடுவது எல்லாம் போயிருந்தன.

இது அவசர அறுவை அல்ல. மிக இளவயதில் செய்தால் ஆயுளுக்குள் மறுமுறை மாற்ற வேண்டிவரலாம். மிகவும் தள்ளிப்போட்டால் தசை சூம்பி, மீண்டு வருவது கடினமாகும். இரண்டுக்கும் நடுவே எங்கோ உங்கள் நாள் இருக்கிறது. செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை விசாரித்துப் பாருங்கள். அரசு மருத்துவமனைகளிலும் மூட்டு மாற்று நடக்கிறது.

உள்ளே என்ன மாற்றுகிறார்கள்?

இன்று நடக்கும் அறுவையின் அடிப்படையை உருவாக்கியவர் ஜான் சார்ன்லி. இங்கிலாந்தின் லங்காஷயரில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இருந்தார். எஃகுப் பந்து, பிளாஸ்டிக் கிண்ணம் என்ற அவருடைய யோசனை சரி, பிளாஸ்டிக்தான் தவறு. 1950-களின் இறுதியில் அவர் பயன்படுத்திய டெஃப்லான், அதாவது தோசைக்கல்லில் ஒட்டாமல் இருக்கப் பூசும் அதே பொருள், சில ஆண்டுகளிலேயே தேய்ந்து போனது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு வைத்தவற்றை எடுக்கவேண்டி வந்தது.

1962-ல் ஒரு விற்பனையாளர் வேறொரு பிளாஸ்டிக்கைக் கொண்டுவந்தார். நெசவுத் தறிகளின் பற்சக்கரத்துக்கு விற்கும் சரக்கு. சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு உதவாது என்று போய்விட்டார். அவருடைய பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் விடவில்லை. தேய்மான இயந்திரத்தில் மாட்டி ஓட்டினார். மூன்று வாரம் ஓடியும், டெஃப்லான் ஒரு நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. அந்தப் பொருள் பாலிஎத்திலீன். அதே ஆண்டு நவம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். பட்டறை ஆட்களின் பிடிவாதத்தை மதிக்க எனக்கு இந்தக் கதை போதும்.

இன்றைய அறுவையில் தொடை எலும்பின் கெட்ட பந்தைக் கழுத்தோடு வெட்டி எடுக்கிறார்கள். கிண்ணத்தை அரைக்கோள வடிவத் துருவியால் துருவிச் சுத்தமாக்கி, உள்ளே உலோகக் கிண்ணத்தை இறுக்குகிறார்கள். மருத்துவர்களும் அதைக் கப் என்றுதான் சொல்கிறார்கள்; கேட்டதும் என் கடைக்காரர் முகம் நினைவுக்கு வந்தது. அதற்குள் பாலிஎத்திலீன் அல்லது பீங்கான் உறை. தொடை எலும்பின் உள்குழலில் ஒரு உலோகத் தண்டு, அதன் தலையில் உலோகப் பந்து அல்லது பீங்கான் பந்து. சொரசொரப்பான உலோகத்துக்குள் எலும்பு வளர்ந்து பிடித்துக்கொள்ளும். சிலருக்கு எலும்பு சிமென்ட் வைத்து ஒட்டுவார்கள். ஓரிரு மணி நேர வேலை. பெரும்பாலும் அன்றே அல்லது மறுநாளே எழுப்பி நடக்கவைத்துவிடுவார்கள்.

தொற்று, காலில் ரத்தம் உறைதல், கால்களின் நீளம் சற்று மாறிப்போதல், மூட்டு நழுவுதல் ஆகிய ஆபத்துகள் உண்டு. தொற்று ஏறத்தாழ நூறில் ஒருவருக்கு வருகிறது. வந்தால் பெரிய தொல்லை. கையெழுத்துப் போடும் முன் இவற்றை விசாரியுங்கள்.

இப்போதுதான் அது பேரிங்

கடைக்காரரின் ஒப்புமைக்குத் திரும்புவோம். அறுவைக்கு முன் அது பேரிங் அல்ல, உயிருள்ள மூட்டு. அசைவுதான் அதன் உணவு. அறுவைக்குப் பின் அது நிஜமாகவே பேரிங். தன்னைப் பழுதுபார்க்காது. ஓடினால் தேயும். நாம் பயந்த தேய்மானம் இனிமேல்தான் பொருளுள்ள சொல்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து உதிரும் நுண்துகள்களை உடல் எதிரியாக நினைத்துத் தாக்குகிறது. அந்தச் சண்டையில் சுற்றியுள்ள எலும்பு அரிக்கப்பட்டு, மூட்டு தளரலாம். 1990-களின் இறுதியிலிருந்து வந்த, மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்த பாலிஎத்திலீன் இந்தத் துகளை வெகுவாகக் குறைத்துவிட்டது. உலோகத்தின் மேல் உலோகம் உரசும் மூட்டுகள் தேயாது என்று நம்பிப் பரப்பியதும் ஒரு காலம். உலோகத் துகள் தசையைக் கெடுக்கவே, 2010-ல் ஒரு பெரிய நிறுவனம் தன் மூட்டுகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவிலும் பலர் பாதிக்கப்பட்டார்கள். புதிது என்பதற்காக மயங்க வேண்டாம் என்று அதிலிருந்து கற்றுக்கொண்டேன்.

எத்தனை காலம் வரும்? 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வுப்படி, 100 இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 மூட்டுகள் 25 ஆண்டுக்கும் தாங்கின. அவை பழைய பொருள்கள். என் பின்சக்கர ஹப் இதில் பாதிக்காலம்கூட வந்ததில்லை.

புதிய மூட்டின் முதல் எதிரி நழுவுதல். இடுப்பை அதிகமாக மடக்கி உள்நோக்கித் திருப்பினால் தண்டின் கழுத்து கப்பின் விளிம்பில் இடிக்கும். டின் மூடியை ஸ்பூனால் நெம்புவதுபோல, பந்து கப்பிலிருந்து நெம்பி வெளியே வரும். பின்பக்கம் வழியாக அறுவை செய்தவர்களுக்கு முதல் சில மாதங்கள் தாழ்ந்த இருக்கை, குத்துக்கால், தரையில் உட்காருவது, இந்திய முறைக் கழிப்பறை வேண்டாம் என்று பெரும்பாலும் சொல்வது இதற்காகத்தான். முன்பக்கம் வழியாகச் செய்தவர்களுக்கு விதிகள் வேறு. உங்களுக்கு எந்தப் பக்கம் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது எதிரி, முன்பு சொன்ன தடுக்கல், அதன் அண்ணனான விழுதல். தண்டு செருகிய எலும்பு உடைந்தால் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம். மிதிப்பதற்கு அனுமதி தரும் மருத்துவர்கள் விழுவதற்குத் தருவதில்லை.

மீண்டும் சீட்டில்

எனக்கு ஐந்தாவது வாரம் நிலைச் சைக்கிள், பதின்மூன்றாவது வாரம் சாலை. சிலருக்கு முன்னதாக, சிலருக்குப் பின்னதாக. மருத்துவர் சொல்வதுதான் நாள். நிலைச் சைக்கிளில் சீட்டை வழக்கத்தைவிட உயர்த்தி, முதல் நாள் பின்னோக்கித்தான் சுற்றினேன். ஐந்து நிமிடம். பெடல் உச்சியைக் கடந்தபோது எப்போதும் வரும் இடிப்புக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மறுசுற்றிலும் வரவில்லை.

ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதிலிருந்து கழல, குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். குதிகால் வெளியே போனால் தொடை உள்நோக்கித் திரும்புகிறது. மருத்துவர் வேண்டாம் என்ற அதே திருப்பம். கழலாவிட்டாலோ, சிக்னலில் அப்படியே பக்கவாட்டில் விழ வேண்டியதுதான். நான் ஓராண்டு வரை சாதாரணத் தட்டைப் பெடலில் ஓட்டினேன், இப்போதும் அதைத்தான் வைத்திருக்கிறேன். டயரையும் அகலமாக மாற்றிவிட்டேன். மழைக்கு மறுநாள் மாமல்லபுரம் பக்கம் போவதில்லை. சாலை ஓர மணலில் சக்கரம் வழுக்கும்.

ஏறுவதுதான் இன்னும் பழகவில்லை. குரங்குப் பெடல் போட்ட காலத்திலிருந்து இடப்பக்கம் நின்று வலது காலை வீசி ஏறியவன். மாற்றிய கால் வலது என்பதால், இப்போது வலப்பக்கம் நின்று இடது காலை வீச வேண்டும். வலப்பக்கம் செயின் பக்கம். வண்டியைத் தரையளவு சாய்த்து, மெதுவாகத் தாண்டுகிறேன். வாரம் ஒரு பேண்ட்டில் கிரீஸ் கறை. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, போன வாரம் ஒரு செயின் கவர் எடுத்து வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார்.